குரல்வளையில் கபோசி சார்கோமா, ஆனால் எச்.ஐ.வி. இல்லை: அடுத்து என்ன?

கேள்வி இதுதான். கடலூர் முதுநகரில் இருக்கும் அப்பாவுக்கு வயது 62. சர்க்கரை இல்லை, இதுவரை படுக்கையில் விழுந்ததும் இல்லை. இரண்டு மாதமாகத் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி உணர்வு, குரல் கம்மல், இரண்டு தடவை எச்சிலில் ரத்தம். தொண்டைக்குள் குழாய் விட்டு ஸ்கோப்பி பார்த்ததில் குரல்வளை மூடியின் மேல் ஊதாவும் சிவப்புமாக ஒரு கட்டி. பயாப்ஸி ரிப்போர்ட் ‘கபோசி சார்கோமா’ என்கிறது, எச்.ஐ.வி. பரிசோதனை நெகட்டிவ். இணையத்தில் தேடினால் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் புற்று என்றே வருகிறது. ரிப்போர்ட் தப்பா, ரத்தப் பரிசோதனை தப்பா, வீட்டில் உள்ளவர்களுக்கு ஒட்டுமா, குரல்வளையையே எடுத்துவிடுவார்களா?

எச்.ஐ.வி. இல்லாதவருக்கும் இது வரும். ரத்தக்குழாய் சார்ந்த இந்தப் புற்றை வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி என்ற தோல் மருத்துவர் எழுதிவைத்தது 1872-இல். எய்ட்ஸோடு இது சேர்த்துப் பேசப்பட்டது 1981-க்குப் பிறகுதான். நம் நாட்டில் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது 1986-இல். ஆக, எய்ட்ஸ் என்ற பெயர் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்பே இந்தக் கட்டி இருந்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் வயதான ஆண்களின் பாதத்திலும் கெண்டைக்காலிலும். அந்தப் பழைய வகைக்கு ‘கிளாசிக்’ என்று பெயர். மத்தியதரைக் கடல் நாட்டவரிடம் அதிகம், நம்மிடம் அரிது. காலை விட்டுவிட்டுத் தொண்டையில் மட்டும் வருவது அரிதிலும் அரிது.

அரிதான நோய் என்று எழுதிய ரிப்போர்ட்டை இரண்டு இடத்தில் சந்தேகப்பட வேண்டும். கட்டி உண்மையிலேயே இதுதானா என்பது ஒன்று. எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே சரியாக இருக்கிறதா என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் கீமோவுக்குத் தேதி வாங்காதீர்கள். மூச்சுக்கு ஆபத்து இல்லாதவரை இதில் செலவாகும் பத்துப் பதினைந்து நாள் வீண் இல்லை.

முதலில் கட்டி. மைக்ராஸ்கோப்பில் கபோசி சார்கோமா கதிர் போல நீண்ட செல்களின் கற்றைகளாகத் தெரியும். கற்றைகளுக்கு நடுவே கத்தியால் கீறியது போல மெல்லிய இடுக்குகள், அந்த இடுக்குகளில் சிவப்பணுக்கள், அங்கங்கே ரோஸ் நிறத்தில் சிறு உருண்டைகள். கதிர் வடிவச் செல்கள் வேறு பல கட்டிகளிலும் உண்டு என்பதுதான் சிக்கல். சாதாரணத் தொண்டைப் புற்றிலேயே ஒரு வகை இதே உருவத்தில் வரும். பீடி, புகையிலை, சாராயம் பழக்கம் உள்ளவரிடம் முதலில் நினைக்க வேண்டியது அதைத்தான். ஆஞ்சியோசார்கோமா என்ற ரத்தக்குழாய்ப் புற்றும் ஏறக்குறைய இதே முகம்தான், குணம் மட்டும் பல மடங்கு முரடு. சளிச்சவ்வில் வரும் மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றும் ஏமாற்றும். புற்றே இல்லாத பயோஜெனிக் கிரானுலோமாவும் சிவந்து, தொட்டால் ரத்தம் கொட்டும்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ரைனோஸ்போரிடியோசிஸ். குளம், ஏரியில் குளிப்பவர்களுக்கு மூக்கிலும் தொண்டையிலும் வரும் சதை வளர்ச்சி அது. ஸ்ட்ராபெர்ரி பழம் போலச் சிவந்து, மேலே ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளி இருக்கும். ஸ்லைடில் இதற்கு வித்துப் பைகள் தெரியும். கபோசியோடு அங்கே குழப்பம் வராது. ஸ்கோப்பியில் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லும்போதுதான் குழப்பம். குரல்வளையில் வரும் காசநோயும் அப்படியே.

இவற்றைப் பிரித்துச் சொல்வது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்ற சாயப் பரிசோதனை. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அதில் எச்.எச்.வி-8 அல்லது லானா-1 என்று ஒரு வரி இருக்க வேண்டும். கபோசி சார்கோமாவுக்குக் காரணமான வைரஸ் எச்.எச்.வி-8, யுவான் சாங், பேட்ரிக் மூர் இருவரும் 1994-இல் கண்டுபிடித்தது. அதன் லானா-1 புரதம் கட்டிச் செல்லின் உட்கருவில் இருந்தால், சாயம் ஏறியபின் உட்கருவில் மிளகுப்பொடி தூவினது போலப் பழுப்புப் புள்ளிகள் தெரியும். இது பாசிட்டிவ் என்றால் ரிப்போர்ட்டை நம்பலாம். நெகட்டிவ் என்றால், சோதனை ஒழுங்காக நடந்திருக்கும் பட்சத்தில், கபோசி என்ற பெயரையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். சிடி31, சிடி34, இ.ஆர்.ஜி. ஆகிய சாயங்கள் பாசிட்டிவ் என்றால் ‘இது ரத்தக்குழாய் சார்ந்த கட்டி’ என்பது மட்டுமே உறுதி. ஆஞ்சியோசார்கோமாவிலும் அவை பாசிட்டிவ்தான். சைட்டோகெராட்டின், பி40 பாசிட்டிவ் வந்தால் சாதாரணத் தொண்டைப் புற்றின் கதிர்செல் வகையைத் தேட வேண்டும். எஸ்-100, எச்.எம்.பி-45 பார்ப்பது மெலனோமாவுக்காக.

எச்.எச்.வி-8 வரியே இல்லாமல் கபோசி என்று எழுதியிருந்தால் அது பாதி ரிப்போர்ட். சிறிய லேபில் அந்தச் சாயம் இருக்காது. வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். பயாப்ஸியைத் திரும்ப எடுக்கத் தேவையில்லை. லேபில் எழுதிக் கொடுத்து, திசுவைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கையும் சாயம் போட்ட ஸ்லைடுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் கிடைக்காவிட்டால், ஒட்டுப்பூச்சு கொண்ட ஸ்லைடுகளில் சாயம் போடாத வெட்டுகள் பத்து கேளுங்கள். சாதாரண ஸ்லைடில் வெட்டித் தந்தால் சோதனையின் நடுவில் திசு கழன்று போய்விடும்.

பிளாக்கை எடுத்துச் செல்வதிலும் கவனம் வேண்டும். அந்த மெழுகு உருகுவது 56 முதல் 60 டிகிரியில். அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய காரின் டேஷ்போர்டிலோ வண்டி சீட்டுக்கு அடியிலோ இரண்டு மணி நேரம் வைத்தால் மெழுகு இளகித் திசு இடம் மாறிவிடும். சின்ன ஜிப் கவரில் போட்டு, பெயரும் பயாப்ஸி எண்ணும் எழுதிக் கைப்பையிலேயே வையுங்கள். ஐஸ் வேண்டியதில்லை.

ஒருவேளை மறுபடியும் பயாப்ஸி எடுக்கவேண்டி வந்தால், இந்தக் கட்டி ரத்தம் நிறைந்தது என்பதை மனதில் வையுங்கள். குரல்வளைப் பக்கம் என்பதால் வெளிநோயாளி அறையில் கிள்ளி எடுப்பதைவிட ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயைப் பாதுகாத்துக்கொண்டு எடுப்பதுதான் சரி. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எதையாவது சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். எடுத்த துண்டு 10 சதவீத ஃபார்மலினில், துண்டின் அளவைப் போலப் பத்து மடங்கு திரவத்தில் முழுக வேண்டும். சலைனிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு அனுப்பி, திசு கெட்டுப்போய், ‘கருத்துக் கூற இயலாது’ என்று ரிப்போர்ட் வருவது அபூர்வம் இல்லை.

இரண்டாவது, எதிர்ப்பு சக்தி. ‘எச்.ஐ.வி. இல்லை’ என்பதும் ‘எதிர்ப்பு சக்தி இயல்பு’ என்பதும் ஒன்றல்ல. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

எச்.ஐ.வி.யிலிருந்தே ஆரம்பிக்கலாம். எந்தச் சோதனை, எந்தத் தேதியில் எடுத்தது என்று பாருங்கள். வைரஸின் பி24 புரதத்தையும் ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைச் சோதனை, லேபில் ரத்தம் எடுத்துச் செய்தால், தொற்று ஏற்பட்ட 18 முதல் 45 நாளுக்குள் காட்டிவிடும். ஆன்டிபாடி மட்டும் பார்க்கும் கிட் என்றால் 90 நாள் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் எடுத்த நெகட்டிவ் உறுதியானதல்ல. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகவே மறுபடி பார்க்கலாம். கபோசி சார்கோமா வரும் அளவுக்குச் சக்தி குறைந்த எய்ட்ஸ் நிலையில் சோதனை நெகட்டிவாக வருவது மிக மிக அபூர்வம். ஆகவே ஒழுங்காக எடுத்த இரண்டாவது சோதனையும் நெகட்டிவ் என்றால் அந்த அத்தியாயத்தை மூடிவிடலாம். நான்காவது, ஐந்தாவது லேபுக்கு ஓடுவது பயத்துக்கு வைத்தியம், நோய்க்கு இல்லை.

அடுத்துக் கேட்க வேண்டியது மருந்து. மூட்டு வலி, ஆஸ்துமா, தோல் நோய் என்று பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறாரா? சீட்டு இல்லாமல் மெடிக்கலில் ‘செட் மாத்திரை’ வாங்கும் பழக்கம் உண்டா? லேபிள் இல்லாத மூட்டுவலிச் சூரணம், லேகியம் ஏதாவது? அந்த மாதிரிப் பொட்டலங்களில் ஸ்டீராய்டைக் கலப்பது தெரிந்த விஷயம்தான். சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி மாயமாகப் போகிறது, பசி எடுக்கிறது, முகம் உப்புகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். அந்தப் பொட்டலத்தையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டால் வந்த கபோசி, மருந்தைக் குறைத்தாலே சுருங்கக்கூடும். முதல் வைத்தியமே அதுவாக அமைந்துவிடலாம். பல மாதம் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. உடம்பு தானாக ஸ்டீராய்டு சுரப்பதை நிறுத்தியிருக்கும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகும். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

ரத்தத்தில் பார்க்க வேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை, சிடி4 அளவு, இம்யூனோகுளோபுலின்கள், புரத எலக்ட்ரோஃபோரிசிஸ், எச்.பி.ஏ1சி, மஞ்சள் காமாலை பி, சி. சிடி4 என்பது எதிர்ப்பு சக்திக்கான ஒருவகை வெள்ளணு; பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை இருப்பது இயல்பு. காய்ச்சல், வேறு தொற்று, ஸ்டீராய்டு இருந்தால் தற்காலிகமாகக் குறையும், அதனால் ஒரு தடவை எடுத்ததை வைத்து முடிவு கட்ட முடியாது. எச்.ஐ.வி. இல்லாமலே சிடி4 ஒன்றுக்கு மேற்பட்ட தடவை 300-க்குக் கீழே இருந்தால் அது தனி நோய். அதற்கான வழி வேறு.

இத்தனையும் பார்த்துச் சரியாக இருந்தால்தான் ‘எதிர்ப்பு சக்தி இயல்பாக உள்ளவர்’ என்று எழுத முடியும். டாக்டர் இன்னொன்றும் கேட்பார். எச்.ஐ.வி. இல்லாமலும், எதிர்ப்பு சக்தி நன்றாகவே இருந்தும், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் இந்தக் கட்டி வருவது பதிவாகியிருக்கிறது. எனவே பாலுறவு பற்றிய கேள்வி வழக்கமானதுதான். அந்த நேரத்தில் பிள்ளைகளும் மனைவியும் அறைக்கு வெளியே இருப்பது நல்லது. மகன் பக்கத்தில் நின்றால் எந்த அப்பாவும் வாயைத் திறக்கமாட்டார்.

ஒட்டுமா என்ற கேள்விக்கு: புற்று ஒட்டாது. எச்.எச்.வி-8 வைரஸ் எச்சில் வழியே பரவும், ஆனால் அந்த வைரஸ் உடம்பில் உள்ள பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் எந்தக் கட்டியும் வருவதில்லை. தட்டு, டம்ளர், படுக்கையைப் பிரித்து வைக்க வேண்டியதில்லை. வீட்டில் மற்றவர்களுக்குச் சோதனையும் வேண்டாம். வீட்டில் யாராவது கிட்னி மாற்று செய்துகொண்டவராகவோ எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவராகவோ இருந்தால் மட்டும் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். சிப்காட் புகையால் வந்ததா என்று கடலூரில் யாருக்குப் புற்று வந்தாலும் கேட்கிறார்கள். இந்தக் குறிப்பிட்ட கட்டிக்கு வேர் வைரஸ்தான்.

இனி, கட்டி எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கபோசி ஒரே இடத்திலிருந்து பரவுவதைவிட, பல இடங்களில் தனித்தனியாக முளைக்கும் சுபாவம் கொண்டது. வீட்டிலேயே நல்ல வெளிச்சத்தில் அப்பாவின் உள்ளங்கால், விரலிடுக்கு, கெண்டைக்கால், மேல் அண்ணம், ஈறு எல்லாம் பாருங்கள். வலியில்லாத, அழுத்தினால் வெளுக்காத ஊதாத் திட்டு இருந்தால் குறித்துவைத்துக் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் கழுத்துக்கும் மார்புக்கும் கான்ட்ராஸ்ட் சிடி ஸ்கேன், நிணநீர்க் கட்டிகள், மலத்தில் மறைந்த ரத்தம், தேவைப்பட்டால் இரைப்பை எண்டோஸ்கோப்பி. நெறிக்கட்டி பெரிதாக இருந்தால் அதையும் பயாப்ஸி எடுக்க வேண்டும்; இதே வைரஸ் நெறிக்கட்டிகள் வீங்கும் காசில்மேன் நோயையும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றில் ஒருவகையையும் உண்டாக்கும்.

சிகிச்சை விஷயத்தில் உங்கள் பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். தொண்டைப் புற்று என்றவுடன் கழுத்தில் ஓட்டை, போன குரல் என்றுதான் நினைவு வரும். அது சாதாரணத் தொண்டைப் புற்றின் முற்றிய நிலைக்கு. அங்கே ரேடியேஷன் 66 முதல் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஏழு வாரம் போல. கபோசி ரேடியேஷனுக்கு எளிதில் கரையும். பெரும்பாலும் 20 முதல் 30 கிரே போதும், இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். பயாப்ஸியை உறுதிசெய்ய ஏன் இத்தனை வற்புறுத்தல் என்பது இப்போது புரியும்: பெயர் மாறினால் டோஸ் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. கபோசிக்குக் குரல்வளையை எடுக்கும் ஆபரேஷன் வழக்கமல்ல.

ஒரே கட்டி, சிறியது, காம்போடு தொங்குகிறது என்றால் கார்பன் டை ஆக்ஸைடு லேசரால் வாய் வழியாகவே எடுத்துவிடலாம். அகலமாகப் படர்ந்திருந்தால் ரேடியேஷன். வாய்ச் சவ்விலும் தொண்டைச் சவ்விலும் புண் ஆகும், குறைந்த டோஸிலும் ஆகும். அதனால் ஆரம்பிக்கும் முன்பே பல் டாக்டரிடம் காட்டி, சொத்தைப் பல்லை எடுத்து, ஈறு ஆறப் பத்து நாளாவது விட வேண்டும். ரேடியேஷன் ஓடும் நாட்களில் காரம், புளிக்குழம்பு, வறுத்த மீன் வேண்டாம். ஆறிய ரசம் சாதம் குழைத்து, இட்லியைப் பாலில் ஊறவைத்து, கேழ்வரகுக் கூழ் இப்படி. ஒரு டம்ளர் கொதித்து ஆறிய தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை வாய் கொப்பளிக்க வேண்டும். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், அதை வாங்காதீர்கள்.

பல இடத்தில் இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ கீமோ. முதல் தேர்வு லைப்போசோமல் டாக்சோரூபிசின், உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அப்பாவின் உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் என்றால் ஒரு தடவைக்கு 32 மில்லிகிராம். சாதாரண டாக்சோரூபிசினும் லைப்போசோமலும் வேறுவேறு. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து, பெயர் பாதி ஒன்றுபோல இருப்பதால் தவறு நேரவும் வாய்ப்புண்டு. சீட்டில் உள்ள முழுப் பெயரும் மருந்துப் புட்டியில் உள்ள பெயரும் பொருந்துகிறதா என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. லைப்போசோமல் மருந்தை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், சலைனில் அல்ல. ஆரம்பிக்கும் முன் எக்கோ எடுத்து இதயத்தைப் பார்ப்பார்கள். முதல் டோஸில் முகம் சிவந்து, மார்பு இறுகினால் உடனே சொல்ல வேண்டும். சொட்டு வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். ஓரிரு நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அது மருந்தின் நிறம், ரத்தமல்ல. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிவது இந்த மருந்தின் குணம்: டோஸுக்குப் பின் ஒரு வாரத்துக்கு வெந்நீர்க் குளியல், இறுக்கமான செருப்பு, வெயிலேறிய சில்வர் பீச் மணலில் வெறுங்கால் நடை மூன்றும் வேண்டாம்.

அது கேட்காவிட்டால் பாக்லிடாக்சல். அதற்கு முன்னே ஒவ்வாமை வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள். கபோசியில் ஸ்டீராய்டு கட்டியை வளர்க்கும் என்பதால் அளவைக் குறைத்துக் கொடுப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். எச்.எச்.வி-8 ஹெர்பெஸ் வகை வைரஸ்தானே, ஹெர்பெஸுக்கான அசைக்ளோவிர் மாத்திரை போட்டால் போகாதா என்றால், போகாது. வளர்ந்துவிட்ட கட்டியில் அது வேலை செய்வதில்லை.

ஆபத்து ஒன்றுதான் உண்மையில் அவசரமானது: மூச்சு. குரல்வளை மூடியில் உள்ள கட்டி ரத்தம் கசிந்து ஒரே நாளில் வீங்கலாம். மல்லாந்து படுக்க முடியவில்லை, மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறது, எச்சிலை விழுங்க முடியாமல் வழிகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அவரை உட்காரவைத்து முன்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் வந்தால் விழுங்கவிடாமல் துப்பச் சொல்லுங்கள். விரலை விட்டு வழிக்க வேண்டாம். அந்த நேரத்தில் டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போட்டால் ‘கபோசிக்கு ஆகாதே’ என்று தடுக்காதீர்கள். ஆகாதது வாரக்கணக்கில் கொடுப்பது. மூச்சு அடைக்கும்போது ஒன்றிரண்டு ஊசி உயிர் காக்கும். தற்காலிகமாகக் கழுத்தில் குழாய் வைக்க நேர்ந்தாலும், கட்டி கரைந்தபின் பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

எங்கே போவது என்றால், ஸ்கோப்பியும் சிடி ஸ்கேனும் கடலூர் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையிலோ சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பார்த்துக்கொள்ளலாம். நோயியல் மறுவாசிப்பு, ரேடியேஷன், கீமோ மூன்றும் ஒரே வளாகத்தில் வேண்டுமென்றால் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, திண்டிவனம் பக்கம் போகும் பஸ்ஸில் ஜிப்மர் வாசலிலேயே இறங்கலாம். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். ஆதார், பரிந்துரைக் கடிதம், பிளாக், ஸ்லைடு, சிடி ஸ்கேனின் படத் தகடு, சாப்பிடும் எல்லா மருந்தின் அட்டை. பழைய ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் மட்டும் கொண்டுபோனால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதை அங்குள்ள கவுன்ட்டரில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

சொந்தக்காரர்கள் நோயின் பெயரை இணையத்தில் போட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் பார்த்த அதே பக்கம்தான் அவர்களுக்கும் வரும். ‘தொண்டையில் ரத்தக்குழாய்க் கட்டி, சிகிச்சை நடக்கிறது’ என்றால் போதும், பொய்யும் இல்லை. எச்.ஐ.வி. சோதனை முடிவை, பாசிட்டிவோ நெகட்டிவோ, சட்டம் அனுமதிக்கும் சில விதிவிலக்குகள் தவிர, அப்பாவின் சம்மதமின்றி மருத்துவமனை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம். வார்டில் கேஸ் ஷீட்டைக் கட்டிலில் மாட்டிவைத்தால், உள்ளே எடுத்து வைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சிகிச்சை முடிந்தபின் முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப்பியும் முழு உடல் தோல் பரிசோதனையும் வேண்டும். இது திரும்ப வரக்கூடிய நோய். வந்தாலும் பெரும்பாலும் மறுபடி சிகிச்சைக்குக் கட்டுப்படும். அப்பாவுக்குப் பின்னாளில் மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ வேறு டாக்டரிடம் போகும்போதெல்லாம், இந்த நோய் இருந்ததென்று ஸ்டீராய்டு எழுதுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். அதற்காக, பயாப்ஸி எண்ணோடு நோயின் பெயரை ஒரு சின்ன அட்டையில் எழுதி அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.